காமினோவில் ஒரு நாள்: மலையைவிடச் சமவெளிதான் என்னைப் படுத்தியது

கேள்வி: ஸ்பெயினில் புனித யாக்கோபின் கல்லறைக்குப் போகும் காமினோ யாத்திரைப் பாதையில் ஒரு நாள் நடை எப்படி இருக்கும்? பிரனீஸ் மலையைக் கடக்கும் முதல் நாள்தான் ரொம்பக் கஷ்டமா?

முதல் நாள் கஷ்டம்தான், மறுக்கவில்லை. பிரான்ஸ் பக்கம் சென் ழான் பியே தெ போரில் சுமார் 170 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 1,400 மீட்டருக்கு மேல் ஏறி, ரொன்செஸ்வாயெஸில் இறங்க வேண்டும். ஏறக்குறைய 25 கிலோமீட்டர். ஆனால் மலையில் கண்ணுக்கு வேலை இருக்கிறது, வளைவுக்கு வளைவு ஏதாவது மாறும்.

என்னைப் படுத்திய நாள் இரண்டரை வாரம் கழித்து மெசெத்தா சமவெளியில் வந்தது. காரியோன் தெ லோஸ் கோந்தெஸ் என்ற ஊரிலிருந்து கால்சதீயா தெ லா குவேசா வரை 17 கிலோமீட்டர். நடுவில் ஒரு ஊர் கூடக் கிடையாது.

செப்டம்பரில் அங்கே விடியவே ஏறக்குறைய எட்டு மணி ஆகிறது. யாத்ரீகர் விடுதியில் ஐந்தரைக்கே பக்கத்துக் கட்டிலில் பிளாஸ்டிக் பை சரசரக்கத் தொடங்கிவிடும், அலாரமே வேண்டாம். ஆறரைக்கு நெற்றி விளக்கோடு கிளம்பினேன். ஆற்றுப் பாலம், இப்போது ஓட்டலாகிவிட்ட சான் சோய்லோ மடம், கொஞ்ச தூரம் தார் ரோடு. அப்புறம் சரளைக்கல் பாதை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல. பிரான்சின் போர்தோவையும் ஸ்பெயினின் அஸ்தோர்காவையும் இணைத்த பழைய ரோமானியச் சாலை இது. ரோமானியர்களுக்கு வளைவு என்றாலே ஆகாது போலிருக்கிறது.

காமினோ முழுக்க வழிகாட்டும் மஞ்சள் அம்புக்குறிகள், ஓ செப்ரெய்ரோ ஊர்ப் பங்குத்தந்தை எலியாஸ் வாலிஞா 1984-இல் பெயின்ட் டப்பாவோடு கிளம்பிப் போட ஆரம்பித்தவை. இந்த 17 கிலோமீட்டரில் மட்டும் அவற்றுக்கு வேலையே இல்லை. தப்பிப் போக வேறு வழி இருந்தால்தானே!

மேற்கு நோக்கி நடப்பதால் வெயில் முதுகில்தான் ஏறும். என் நிழல் எனக்கு முன்னால் பனைமரம் போல நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் அறுத்த கோதுமைத் தாள். ஒரு மணி நேரம் நடந்து நிமிர்ந்தாலும் அதே தாள், அதே கோடு. நிழல் குட்டையாகிக்கொண்டே வந்ததை வைத்துத்தான் நேரம் போகிறது என்று நம்பினேன்.

ஏழாவது கிலோமீட்டர் வாக்கில் இடது குதிகாலில் உறுத்தியது. உட்கார ஒரு இடம் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். நிழலோடு ஓர் இடம் வரவே இல்லை. கடைசியில் ஷூவைக் கழற்றியபோது ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். நீங்கள் போனால், உறுத்திய நிமிடமே நடுவழியானாலும் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். சாக்ஸை மாற்றி, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு எழுந்தால் அதோடு போகும். காரியோனிலேயே இரண்டு லிட்டர் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள், தின்ன ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் உச்சகட்டக் குறும்பு, கால்சதீயா ஊர் ஒரு பள்ளத்துக்குள் இருப்பது. கணக்குப்படி வந்திருக்க வேண்டும், ஆனால் கண்ணுக்கு எட்டிய வரை ஒன்றும் இல்லை. போன் பொய் சொல்கிறதோ என்றே நினைத்துவிட்டேன். திடீரென்று காலடியில் ஓட்டுக்கூரைகள்.

இன்னும் ஆறு கிலோமீட்டர் நடந்து லெதிகோஸில் தங்குவதுதான் திட்டம். ஷூவைக் கழற்றியதும் திட்டமும் கழன்றது. யாத்ரீகர் அட்டையில் முத்திரை, குளியல், துவைத்த துணியைக் கொடியில் போடுவது, தூக்கம். எல்லா நாளும் இப்படித்தான் முடியும்.

பலர் மெசெத்தாவை பஸ்ஸில் தாண்டிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று சொல்லும் புனித யாக்கோபின் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்து சான்றிதழ் வாங்க, கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே போதும். ஆனால் என்னைக் கேட்டால் இந்த ஒரு நாளையாவது நடந்து பாருங்கள்.

சாயங்காலம் செருப்போடு ஊர் எல்லை வரை நொண்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மேட்டில் முதலில் ஒரு தொப்பி தெரியும், அப்புறம் முகம், அப்புறம் பை. ஊரைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் ஒரு நொடி நின்றார்கள். ஒருவர் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.