எழுதியதைக் காட்டத் தயங்கும் மாணவர்களிடம் எப்படி நெருங்குவது?

கேள்வி: நான்கு மாணவர்களுக்கு வாரம் ஒருமுறை கட்டுரைப் பயிற்சி அளிக்கிறேன். அறிமுக விளையாட்டுகளில் கலகலப்பாக இருப்பவர்கள், எழுதியதை எடுக்கச் சொன்னதும் ஒடுங்கிப்போகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உங்களோடு பேச அவர்களுக்குக் கூச்சம் இல்லை. தம் எழுத்தின் குறைகள் மற்ற மூவர் முன்னால் வெளிப்பட்டுவிடுமே என்றுதான் அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் விளையாட்டால் போகாது. எழுத்தை வைத்தே போக்க வேண்டும்.

வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் நிறுத்தாமல், அடித்துத் திருத்தாமல் எழுதுங்கள். நீங்களும்தான். பிறகு உங்கள் தாளை முதலில் படித்துக் காட்டி, சரியாக அமையாத ஒரு வாக்கியத்தைச் சுட்டி, "இதை எப்படி மாற்றலாம்?" என்று அவர்களிடம் கேளுங்கள். ஆசிரியரின் வரியைத் திருத்திய மாணவருக்குத் தன் வரியைக் காட்டும் துணிவு வரும். நான் மிகவும் நம்பும் வழி இதுதான்.

மாணவரின் தாள் மேசைக்கு வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துவிடாதீர்கள். எழுதியவர் கையிலேயே பேனா இருக்கட்டும். எந்த இடத்தில் உதவி வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். அடுத்து, எந்த வரி மனதில் நின்றது, எங்கே குழம்பினீர்கள் என்று ஒரு வாசகராகச் சொல்லுங்கள். "நன்றாக இருக்கிறது" என்ற பொதுவான பாராட்டை மாணவர்கள் நம்புவதில்லை. "தாத்தா கண்ணாடியைத் தேடும் வரியில் அவரை நேரில் பார்த்தேன்" என்றால், உண்மையாகவே படித்திருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். எழுத்துப்பிழைகள் கடைசிக்குக் காத்திருக்கலாம்.

கேள்வி கேட்டபின் பொறுத்திருங்கள். ஆசிரியர்கள் பதிலுக்காக ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளில் கண்டறிந்தார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. யாரும் அழைக்காமலே தாமாகப் பதில் சொல்வதும் அதிகரித்தது. சொந்த வரியை மறுபடி படித்துப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய மாணவருக்கு இன்னும் கூடுதல் நேரம் தேவைப்படும்.

ஓயாமல் பேசுபவரிடம் மற்றவர்களின் கருத்துகளைக் குறித்துவைக்கும் பொறுப்பைக் கொடுங்கள். அமைதியானவரைத் திடீரென்று பெயர் சொல்லி அழைக்க வேண்டாம். எல்லோரும் ஆளுக்கொரு வரி எழுதிப் படிக்கும்போது அவர் குரலும் தானாக வந்துவிடும். அதன்பிறகும் ஒருவர் தன் தாளைப் படிக்க மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். வேறொருவர் படிக்கட்டுமா, நீங்கள் மட்டும் பார்த்தால் போதுமா என்று அவரிடமே கேட்டு, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.