படகு பேட்டரியில் அம்மீட்டரும் ஷண்டும்: கேள்வி பதில்

இன்று படகில் டிஜிட்டல் அம்மீட்டர் பொருத்துவது பற்றிய கேள்விகள் மட்டும். 12 வோல்ட், 24 வோல்ட் டி.சி. எதுவானாலும் கேட்கலாம். கேட்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் எத்தனை கேபிள்கள் மாட்டியிருக்கின்றன என்று எண்ணிவிட்டு வாருங்கள். பாதிப் பேருக்குக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: ஷண்ட் எதற்கு? மின்னோட்டத்தை நேராக மீட்டர் வழியாகவே விட்டால் என்ன?

விடலாம், 5 அல்லது 10 ஆம்பியர் வரை. படகில் இன்வெர்ட்டர் ஒன்றே 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை மீட்டர் வழியாக விட வேண்டுமானால் விரல் தடிமன் கேபிளைப் பேட்டரியிலிருந்து மீட்டர் இருக்கும் பலகை வரை இழுத்துத் திரும்பவும் கொண்டுவர வேண்டும். செலவும் வீண், வழியில் வோல்டேஜும் வீண்.

ஷண்ட் என்பது அளவு துல்லியமாகத் தெரிந்த மிகச் சிறிய மின்தடை. 500 ஆம்பியர், 50 மில்லிவோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அதன் தடை 0.0001 ஓம். அதன் வழியே 500 ஆம்பியர் ஓடும்போது இரு முனைகளுக்கும் இடையே 50 மில்லிவோல்ட் தோன்றும். 50 ஆம்பியர் ஓடினால் 5 மில்லிவோல்ட். மீட்டர் அளப்பது இந்த மில்லிவோல்ட்டைத்தான், காட்டுவது ஆம்பியரில். ஷண்ட் பேட்டரி அருகிலேயே இருக்கும். மெல்லிய அளவு கம்பிகள் இரண்டு மட்டும் பலகைக்குப் போகும். மீட்டரின் உள்தடை மிக அதிகம் என்பதால் அந்தக் கம்பி ஐந்து மீட்டர் நீண்டாலும் அளவு மாறாது. இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோங்கள். ஆல்டர்னேட்டரின் மின் இரைச்சல் ஏறாது.

ஷண்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு பித்தளைக் கட்டைகள், நடுவே சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் தகடுகள். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு பெரிய போல்ட், ஒரு சிறிய திருகு. மீட்டர் கம்பிகள் சிறிய திருகுகளுக்கு மட்டுமே. பெரிய போல்ட்டில் லக்கோடு (கேபிள் முனையில் பொருத்திய உலோக வளையம்) சேர்த்து முடுக்கினால் லக்குக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள தொடுதடையும் கணக்கில் சேர்ந்துவிடும். 0.0001 ஓம் அளக்கிற இடத்தில் லேசான பச்சைக் களிம்பு கூடப் பெரிய பிழை. லக் பித்தளையின் மீது நேராக உட்கார வேண்டும், வாஷர் அதற்கு மேல். லக்குக்குக் கீழே வாஷர் போடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த இடம்தான் சூடாகும்.

கேள்வி: பாசிட்டிவ் பக்கமா, நெகட்டிவ் பக்கமா?

நெகட்டிவ். மலிவான மீட்டர்கள் பலவற்றில், மீட்டரை இயக்கும் மின்சாரத்தின் நெகட்டிவும் அளவு கம்பிகளில் ஒன்றும் உள்ளே இணைந்தே இருக்கும். அப்படிப்பட்ட மீட்டரின் ஷண்டைப் பாசிட்டிவில் வைத்துவிட்டு, மீட்டருக்கும் அதே பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால், அளவு கம்பி வழியாக நேராக ஷார்ட் ஆகும். கம்பி சிவந்து புகையும். பாசிட்டிவில்தான் வைப்பேன் என்றால் மீட்டருக்குத் தனிமைப்படுத்திய (உள்வரும் பக்கத்துக்கும் வெளிவரும் பக்கத்துக்கும் நேரடி மின்தொடர்பு இல்லாத) டி.சி. கன்வெர்ட்டர் வேண்டும்.

நெகட்டிவில் வைத்தாலும் ஓர் ஆபத்து உண்டு. பெரிய போல்ட் கழன்றுபோனால் படகின் மொத்தச் சுமையும் மீட்டரின் தலைமுடிக் கம்பி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பப் பார்க்கும். ஆகவே அளவு கம்பிகளிலும் ஷண்டுக்குப் பக்கத்திலேயே அரை ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். ஃப்யூஸின் தடையால் அளவு மாறாது. மீட்டருக்குப் போகும் பாசிட்டிவ் கம்பியிலும் பேட்டரி அருகே ஒன்று.

கேள்வி: மீட்டர் உண்மையான மின்னோட்டத்தைவிடக் குறைவாகவே காட்டுகிறது. 30 ஆம்பியர் ஓடும்போது 20 என்கிறது. மீட்டர் பழுதா?

இல்லை. மீட்டர் 75 மில்லிவோல்ட் ஷண்டுக்கு அமைத்தது, நீங்கள் மாட்டியிருப்பது 50 மில்லிவோல்ட் ஷண்ட். மூன்றில் இரண்டு பங்கு காட்டுவது அதனால்தான். மீட்டரின் அமைப்பை மாற்றுங்கள். மாற்ற வழியில்லாத மீட்டர் என்றால் ஷண்டை மாற்றுங்கள்.

கேள்வி: சோலார் பேனல் வேலை செய்கிறது, வோல்டேஜ் ஏறுகிறது. ஆனால் அம்மீட்டரில் சார்ஜ் ஆம்பியரே வருவதில்லை.

முதலில் சொன்ன எண்ணிக்கையைச் செய்தீர்களா? சோலார் கன்ட்ரோலரின் நெகட்டிவ் கம்பி நேராகப் பேட்டரி முனையில் இருக்கும். அந்த மின்னோட்டம் ஷண்டைத் தொடாமலே பேட்டரிக்குள் போய்விடுகிறது. மீட்டர் எப்படிக் காட்டும்? பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரே ஒரு கேபிள்தான் இருக்க வேண்டும், அது ஷண்டுக்குப் போகிற கேபிள். மற்ற அத்தனை நெகட்டிவும் ஷண்டின் மறுபுறம், ஒரு பஸ்பாரில் (பல கேபிள்களை ஒன்றாக மாட்டும் உலோகப் பட்டை). பல பேட்டரிகளைப் பக்க இணைப்பில் வைத்திருந்தால் முதலில் அவற்றின் நெகட்டிவ்களை ஒன்று சேர்த்துப் பிறகு ஷண்டுக்கு. தொடரிணைப்பில் 24 வோல்ட் என்றால் கடைசி நெகட்டிவில்.

கேள்வி: ஷண்ட் வாங்காமல், இருக்கிற நெகட்டிவ் கேபிளின் ஒரு துண்டையே ஷண்டாகப் பயன்படுத்த முடியுமா? அதற்கும் தடை இருக்கிறதே.

நல்ல கேள்வி. முடியும், ஆனால் அளவு வெயிலோடு ஏறி இறங்கும். செம்பின் தடை ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். காலையில் குளிர்ந்திருந்த எஞ்சின் அறை மதியம் 25 டிகிரி சூடேறினால் அளவில் ஏறக்குறைய 10 சதவீதப் பிழை. கேபிளே சுமையால் சூடாவது தனி. உடனடி ஆம்பியரைத் தோராயமாகப் பார்க்க மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பேட்டரியில் ஏறியதையும் இறங்கியதையும் ஆம்பியர்-மணியில் கூட்டிக் கழித்து மிச்சத்தைக் காட்டும் மீட்டருக்கு அது ஆகாது. பிழை நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும்.

ஷண்டின் தகடுகளை மாங்கனினில் செய்வது இதற்காகத்தான். செம்பு சுமார் 84 சதவீதம், மாங்கனீசு 12, நிக்கல் 4 கலந்த உலோகம். வெப்பம் மாறினாலும் அதன் தடை அசைவதில்லை என்றே சொல்லலாம். ஆனாலும் ஷண்டைக் கண்டபடி சூடேற்றக் கூடாது. அச்சிட்ட ஆம்பியரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தொடர்ந்து ஓடவிடாதீர்கள். 500 ஆம்பியர் ஷண்ட் முழுச் சுமையில் 25 வாட் வெப்பம் விடும். மூடிய பெட்டிக்குள் அது குறைவான வெப்பமல்ல.

கேள்வி: கரை மின்சாரத்தில் இயங்கும் சார்ஜர் ஓடும்போது மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது.

இரண்டு கேள்விக்கு மேலே சோலாருக்குச் சொன்னதேதான். சார்ஜரின் நெகட்டிவை பஸ்பாருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பில்ஜ் (படகின் அடித்தளத்தில் தண்ணீர் சேரும் இடம்) பம்பின் இரண்டு கம்பிகளையும் நேராகப் பேட்டரியில் கொடுத்திருக்கிறேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கரைக்குப் போனாலும் அது ஓட வேண்டும். இதையும் மாற்றச் சொல்கிறீர்களா?

நெகட்டிவை மட்டும். பாசிட்டிவ், தனி ஃப்யூஸோடு சுவிட்சுக்கு முன்னால் அப்படியே இருக்கட்டும். ஷண்ட் சுவிட்ச் அல்ல; அதை யாரும் அணைக்க முடியாது.

அவரே மீண்டும்: எனக்கு உடன்பாடில்லை. ஷண்டின் போல்ட் தளர்ந்தால் பம்ப் நின்றுவிடும். படகு மூழ்கிய பிறகு ஆம்பியர் கணக்கு சரியாக இருந்து யாருக்கு என்ன லாபம்?

வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஷண்டின் இரண்டு போல்ட், பஸ்பார் என்று இணைப்புகள் கூடுவது உண்மைதான். ஆனால் உப்புக் காற்றில் முதலில் போவது எது? முடுக்கிவிட்ட பெரிய போல்ட்டா, பேட்டரி முனையில் நான்கு லக்குகளுக்கு மேல் ஐந்தாவதாகச் செருகிய பம்பின் மெல்லிய கம்பியா?

இன்னொன்றையும் கணக்குப் போடுங்கள். பம்ப் 4 ஆம்பியர் இழுக்கிறது. சுழல்தண்டு வழியாகத் தண்ணீர் கசிந்து மணிக்கு மொத்தம் 15 நிமிடம் ஓடுகிறது. மணிக்கு 1 ஆம்பியர்-மணி, நாளுக்கு 24. நான்கு நாளில் 100 ஆம்பியர்-மணி பேட்டரி காலி. உங்கள் இணைப்பில் ஆம்பியர்-மணி கணக்கிடும் மீட்டர் அப்போதும் 100 சதவீதம் என்றே காட்டும். வாரம் கழித்து வந்து திறந்தால் மீட்டரில் பேட்டரி நிறைந்திருக்கும், பில்ஜில் தண்ணீர் நிறைந்திருக்கும்.

வேறொருவர்: நான் அவர் பக்கம். பம்ப் எவ்வளவு ஓடியது என்று பார்க்க வேண்டுமானால் பம்புக்கே ஒரு மணிக்கணக்கு மீட்டர் போடலாமே?

போடுங்கள், தாராளமாக. நல்ல பழக்கம். ஆனால் அது ஓடிய நேரத்தைச் சொல்லும்; பேட்டரியில் மிச்சம் எவ்வளவு என்பதை நீங்கள்தான் கழித்துப் பார்க்க வேண்டும். தினமும் கழித்துப் பார்ப்பீர்களா? பார்ப்பேன் என்று சத்தியம் செய்கிறவர்கள் நேராகவே கொடுத்துக்கொள்ளுங்கள். ஷண்டுக்குப் பக்கத்தில் ‘பம்ப் இதில் சேராது’ என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், படகை அடுத்து வாங்குகிறவருக்காக.

முதலாமவர்: அப்படியானால் பம்புக்குத் தனிப் பேட்டரி வைத்துவிட்டால்?

அப்போது எனக்குச் சண்டையே இல்லை, ஐயா. அந்தப் பேட்டரி இந்தக் கணக்கில் வராது. ஆனால் அதன் நெகட்டிவைப் பொது பஸ்பாரில் சேருங்கள், முதல் பேட்டரியின் முனையில் சேர்க்காதீர்கள். முனையில் ஒரே கேபிள். பம்ப் விவகாரம் இத்துடன் போதும்; மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

கேள்வி: ஸ்டார்ட்டர் மோட்டாரின் மின்னோட்டமும் ஷண்ட் வழியாகப் போகலாமா? என்னிடம் 100 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் ஷண்ட்தான் இருக்கிறது.

எஞ்சினுக்குத் தனிப் பேட்டரி இருந்தால் பிரச்சினையே இல்லை. அதன் நெகட்டிவ் நேராகப் பொது பஸ்பாருக்குப் போகும். ஸ்டார்ட்டர் மின்னோட்டம் உங்கள் ஷண்டைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

ஒரே பேட்டரிதான் என்றால் கணக்குப் பாருங்கள். டீசல் எஞ்சின் 400 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஷண்டில் 0.3 வோல்ட் விழும், 120 வாட் வெப்பம் எழும். இரண்டு விநாடியில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் தப்பிவிடும். பிடிக்காத எஞ்சினைத் திரும்பத் திரும்பச் சுழற்றினால் தகடு அளவுக்கு மீறிச் சூடாகி, தடை நிரந்தரமாக மாறிவிடலாம். அதன்பின் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. 500 ஆம்பியர் ஷண்டில் அதே 400 ஆம்பியருக்கு விழுவது 0.04 வோல்ட். அவசரத்துக்கு இரு பேட்டரிகளையும் இணைக்கும் சுவிட்ச் வைத்திருப்பவர்களும் பெரிய ஷண்டே போடுங்கள்.

கேள்வி: கரையிலிருந்து வரும் 230 வோல்ட் லைனிலும் இதே ஷண்டைப் போட்டு அளக்கலாமா?

கூடாது. அந்தப் பக்கத்துக்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைப் பாருங்கள்.

கேள்வி: சரிபார்க்கக் கிளாம்ப் மீட்டர் போட்டேன், பூஜ்யம்தான் வருகிறது.

உங்கள் கிளாம்ப் ஏ.சி. மட்டும் அளக்கும் வகையாக இருக்கும். டி.சி. அளக்கும் கிளாம்ப் வேண்டும். கேபிளைக் கவ்வும் முன் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கேள்வி: எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் ஆம்பியர் தெரிவதில்லை. ஏன்?

நெகட்டிவ் முனையில் எத்தனை கேபிள்?

அவரே: மூன்று.

இரண்டைக் கழற்றி பஸ்பாருக்கு மாற்றுங்கள். அவற்றில் ஒன்று எஞ்சின் பிளாக்கிலிருந்து வரும் கேபிளாக இருக்கும். ஸ்டார்ட்டரும் இதே பேட்டரியில்தான் என்றால், மேலே ஸ்டார்ட்டருக்குச் சொன்னதைப் படித்துவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: இடமில்லை. ஷண்டைப் பேட்டரி பெட்டிக்குள்ளேயே வைக்கலாமா?

ஈய-அமில பேட்டரி என்றால் வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அமில ஆவி பித்தளையை அரிக்கும், தளர்ந்த போல்ட் ஒரு பொறி விட்டால் போதும். பெட்டிக்கு வெளியே, காற்றோட்டமான மரப்பலகையில், தகடுகள் எதையும் தொடாதபடி வையுங்கள்.

கேள்வி: எல்லாம் நீங்கள் சொன்னபடியே மாட்டிவிட்டேன். முனையில் ஒரே கேபிள்தான். ஆனால் விளக்குப் போட்டால் மீட்டர் சார்ஜ் ஆவதாகக் காட்டுகிறது, சார்ஜர் போட்டால் இறங்குவதாகக் காட்டுகிறது.

சிறிய திருகுகளில் இருக்கும் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றுங்கள். பெரிய கேபிள்களைத் தொட வேண்டாம். அளவு கம்பியில் ஒன்று மீட்டரின் நெகட்டிவோடு உள்ளே இணைந்திருக்கும் வகை என்றால், அந்தக் கம்பி எந்தப் பக்கம் வர வேண்டும் என்று மீட்டரோடு வந்த படத்தில் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.