மரப் பட்டறையில் பாட்டும் கேட்க வேண்டும், காதும் கெடக்கூடாது: ப்ளூடூத் இயர் மஃப் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வியில் உள்ள விவரம்: வீட்டை ஒட்டிச் சின்னதாக ஒரு மரப் பட்டறை. டேபிள் சா, பிளேனர், ரூட்டர், நாலு இஞ்ச் கிரைண்டர். தினம் மூன்று நான்கு மணி நேர வேலை. நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதுவே போதுமா, இல்லை ப்ளூடூத் வைத்த இயர் மஃப் (காதை முழுதாக மூடும் கிண்ணங்கள் உள்ள சத்தத் தடுப்பு) வாங்க வேண்டுமா?

நானும் மரப் பட்டறைக்காரன்தான். இயர்பட்ஸ் போதாது, மஃப் வாங்குங்கள். ஆனால் கடையில் நிற்கும்போது பேட்டரி எத்தனை மணி நேரம் வரும், பேஸ் எப்படி என்பதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்துபோன நிலையில் அந்த மஃப் எவ்வளவு சத்தத்தைத் தடுக்கும்? முதலில் இதைக் கேளுங்கள். பாட்டெல்லாம் அதற்கப்புறம்தான்.

இதற்கான பதில் பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கும். சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்று காட்டும் எண் அது: அமெரிக்கப் பொருள் என்றால் என்.ஆர்.ஆர்., ஐரோப்பியப் பொருள் என்றால் எஸ்.என்.ஆர். இரண்டும் டெசிபல் கணக்குதான், ஆனால் அளக்கும் முறை வேறு. ஒரே மஃபுக்கு எஸ்.என்.ஆர். பெரும்பாலும் சில எண்கள் கூடுதலாகவே வரும். அதனால் ஒன்றின் என்.ஆர்.ஆரையும் இன்னொன்றின் எஸ்.என்.ஆரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். இரண்டு எண்ணுமே போடாமல் 'நாய்ஸ் கேன்சலிங்' என்று மட்டும் பெரிதாக எழுதியிருந்தால் அது பாட்டுக் கேட்கிற ஹெட்ஃபோன். பட்டறைக்கு ஆகாது.

நாய்ஸ் கேன்சலிங் ஏன் கைகொடுக்காது என்றால், அது வெளிச்சத்தத்துக்கு எதிர் அலையை உருவாக்கி அடக்கும் வேலை. விமானம், ஏசி, பஸ் எஞ்சின் மாதிரி தாழ்வாக ஒரே சீராக வரும் உறுமலை நன்றாக அடக்கும். சா பிளேடும் கிரைண்டரும் போடுவது கீச்சென்ற உயர் அதிர்வெண் சத்தம். அதுவும் மரத்தில் முடிச்சு வந்தால் ஒரு மாதிரி, சாதா நார் என்றால் வேறு மாதிரி என்று நொடிக்கு நொடி மாறும். அதைக் கெட்டியான கிண்ணமும் மெத்தையும்தான் தடுக்க முடியும். நாய்ஸ் கேன்சலிங்கில் உறுமல் மட்டும் போய்விடுவதால் காதுக்கு அமைதியாகத் தோன்றும், ஆனால் காதைக் கெடுக்கிற சத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

இப்போது கணக்கு. அமெரிக்காவின் நையாஷ் என்ற தொழில் சுகாதார ஆய்வு அமைப்பு 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் எல்லை என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று இருந்தது. நான் 85-ஐயே வைத்துக்கொள்கிறேன். நமக்கு இருப்பது ஒரு ஜோடி காதுதானே. டேபிள் சா, பிளேனர், கிரைண்டர் எல்லாமே வேலை நடக்கும்போது 100-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

பெட்டியில் என்.ஆர்.ஆர். 24 என்று போட்டிருந்தால் 100 அப்படியே 76 ஆகிவிடும் என்று நினைக்கக் கூடாது. அது ஆய்வுக்கூடத்தில், சரியாகப் பொருத்தி எடுத்த அளவு. பட்டறைக்கு அதில் 7-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கிக்கொள்ளச் சொல்வார்கள். 24-இல் 7 போனால் 17, அதில் பாதி எட்டரை. ஆக 100 என்பது காதுக்குள் சுமார் 91. பதினைந்து நிமிடமாக இருந்த எல்லை ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகிறது. மூன்று நான்கு மணி நேர வேலையில் மெஷின் நிஜமாக ஓடுவது அதற்கும் குறைவுதான் என்பதால் உங்களுக்கு இது போதும். ஆனால் 20-க்குக் கீழே போகாதீர்கள்.

மாடல் சொல்ல வேண்டும் என்றால், 3எம் வொர்க்டியூன்ஸ் கனெக்ட் மஃபுக்கு என்.ஆர்.ஆர். 24. காதுக்குள் வைக்கும் வகை பிடித்தால் ஐசோடியூன்ஸ் ப்ரோ, அதற்கு 27. அது பஞ்சு முனை வைத்த இயர்போன். பஞ்சை உருட்டி, காது மடலை மேலும் பின்னும் இழுத்து ஆழமாகச் செருகினால்தான் அந்த 27. கையில் பசையும் மரத்தூளும் இருக்கும்போது நாளைக்குப் பத்துத் தடவை அதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. என் ஓட்டு மஃபுக்கு.

அடுத்தது கண்ணாடி. பட்டறையில் சேஃப்டி கிளாஸ் கட்டாயம், பலருக்குப் பவர் கண்ணாடியும் உண்டு. அதன் கை மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே போகிற இடத்தில் ஒரு சின்ன இடுக்கு விழும், சத்தம் அந்த வழியாகத்தான் வரும். மஃபைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் யாராவது மெஷினை ஓட்டும்போது இரண்டு உள்ளங்கையாலும் கிண்ணங்களைத் தலையோடு அழுத்திப் பாருங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் மெத்தை சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம். பட்டையான கைகள் உள்ள கண்ணாடியை மாற்றி மெல்லிய கை உள்ளதாக எடுங்கள். ஜெல் மெத்தை வருகிற மஃப் இந்த இடுக்கை இன்னும் நன்றாக மூடும். காதோரத்து முடியும் தொப்பியும்கூட இதே மாதிரி இடுக்கு விழவைக்கும், முடியை ஒதுக்கிவிட்டுப் போடுங்கள்.

நம் வெயிலில் வியர்வை இன்னொரு தலைவலி. ஏப்ரல், மே மாதத்தில் தகர ஷெட்டுக்குள் மஃபைப் போட்டால் அரை மணியில் மெத்தைக்கு அடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். மேலே எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தூள் படிந்தால் அது மாவுப் பசை மாதிரி ஆகிவிடும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு பையில் போடுங்கள். மெத்தை தனியாக வாங்கி மாற்றக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். வியர்வையில் ஊறி ஓரம் வெடித்த மெத்தை இருந்தால் பெட்டியில் போட்ட எண்ணுக்கு மதிப்பில்லை.

இதெல்லாம் இருக்கும்போது பாட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது ஆடம்பரமாகத் தெரியவில்லை. எட்டு மணி நேரச் சத்தத்தில் அரை மணி நேரம் மட்டும் மஃபைக் கழற்றி வைத்தால், மீதி நேரம் எவ்வளவு பிரமாதமான மஃப் போட்டிருந்தாலும் மொத்தத்தில் கிடைப்பது 12 டெசிபல் பாதுகாப்புதான். கழற்றியிருந்த அந்த அரை மணியே எல்லாவற்றையும் தின்றுவிடும். சும்மா மஃப் போட்டவன் போன் வந்தால் கழற்றுவான், போரடித்தால் கழற்றுவான். பாட்டும் போனும் உள்ளேயே இருந்தால் கழற்ற மாட்டான். ப்ளூடூத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நல்ல காரணம் இதுதான்.

ஆனால் உள்ளே வரும் பாட்டும் சத்தம்தான். பாதுகாப்புக்கென்று செய்த மஃப்களில் வால்யூமுக்கு எல்லை வைத்திருப்பார்கள், பெரும்பாலும் 82 அல்லது 85 டெசிபல். அது எழுதியிருக்கிறதா பாருங்கள். வால்யூமை மெஷின் நிற்கும்போதே வைத்துவிடுங்கள். சா ஓடும்போது பாட்டு கேட்கவில்லை என்று ஏற்றினால், தடுத்ததை நாமே திரும்ப ஊற்றுகிறோம்.

டேபிள் சாவில் நிற்கும்போது நான் பாட்டை நிறுத்திவிடுவேன். மரம் பிளேடைக் கவ்வும்போது மோட்டார் திணறுகிற அந்தச் சத்தம் காதில் விழ வேண்டும், கிக்பேக்குக்கு (பிளேடு மரத்தை நம் பக்கமே எறிவதற்கு) முன்னால் கிடைக்கிற எச்சரிக்கை பல சமயம் அது மட்டும்தான். மஃப் அதை முழுதாக மறைக்காது, பாட்டு மறைத்துவிடும். தேய்ப்பது, பாலிஷ் போடுவது, ரூட்டரில் நீளமாக ஓரம் எடுப்பது, இதற்கெல்லாம் பாட்டு சரி. கூட வேலை செய்பவர் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "தம்பி, மெஷின் ஓடும்போது பின்னால வந்து தோளைத் தொடாதே. முன்னால வந்து கையைக் காட்டு."

பட்ஜெட் இடிக்கிறது என்றால் ப்ளூடூத் இல்லாத நல்ல மஃபை வாங்குங்கள். 3எம் பெல்டார் எச்10ஏ-வுக்கு என்.ஆர்.ஆர். 30, பாட்டு மஃபைவிட அதிகம். கையில் இருக்கும் இயர்பட்ஸை அதற்குள் போட்டுக்கொள்ளலாம், கிண்ணத்துக்குள் இடித்து வலிக்காமல் இருந்தால். வயர் இயர்போன் வேண்டாம், வயர் போகிற இடத்தில் மறுபடி இடுக்கு விழும். இதில் வால்யூம் எல்லை கிடையாது என்பதால் போன் செட்டிங்கில் போய் நீங்களே எல்லையை வையுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஆயுசு முழுக்க ரம்பத்தோடு நின்றவர். காது கேட்கவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "பேசுறது கேக்குது தம்பி, என்ன பேசுறாங்கன்னுதான் புரியலை" என்பார். இரைச்சலால் வரும் செவி இழப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதலில் பிடிக்கும், மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற கூர்மை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. உள்காதில் சத்தத்தை உணர்கிற மயிர்ச்செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. ஏற்கெனவே சில வருடம் எதுவும் போடாமல் வேலை செய்திருந்தால், மஃப் ஆர்டர் போடுகிற கையோடு காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோமெட்ரி டெஸ்ட் ஒன்றும் எடுத்துவிடுங்கள். ஒரு இரவு அமைதியாகத் தூங்கி எழுந்த பிறகு, பட்டறைக்குப் போகுமுன் எடுக்க வேண்டும். வேலை முடித்துவிட்டு நேராகப் போனால் அன்றைய சத்தத்தின் தற்காலிக மந்தமும் சேர்ந்து ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.