யாரை வைப்பது, யாரை அனுப்புவது?

கேள்வி: மத நிறுவனங்கள் யாரை வேலைக்கு வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பது அவர்கள் உரிமைதானே? சட்டம் ஏன் அதில் தலையிட வேண்டும்? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: சர்ச்சுக்குப் பாதிரியார் யார், பள்ளிவாசலுக்கு இமாம் யார் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. (அர்ச்சகர் நியமனம் வேறு கதை. அங்கே குறுக்கே நிற்பது சாதி. இன்னொரு நாள் பேசுவோம்.) ஆனால் சென்னை கொளத்தூரில் கபாலீசுவரர் கோயில் சார்பில் தொடங்கிய கலை அறிவியல் கல்லூரிக்கு 2021-ல் ஆள் எடுத்தபோது, அலுவலக உதவியாளர் வேலைக்குக்கூட இந்துக்கள் மட்டும் என்றார்கள். ஒரு முஸ்லிம் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அறநிலையத் துறைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு அப்படி. ஃபைல் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவர் எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன?

அடுத்து, 'அனுப்புவது' என்கிறீர்களே, எனக்குப் பெரிய தகராறே அந்தச் சொல்லோடுதான். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டோரன்ஸ் நகரில் செயின்ட் ஜேம்ஸ் என்ற கத்தோலிக்கப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவர், அவரும் கத்தோலிக்கர். மற்றப் பாடங்களோடு வாரத்துக்கு 200 நிமிடம் மறைக்கல்வியும், அதாவது மதப் பாடமும், எடுத்தார். மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சைக்கும் கீமோவுக்கும் லீவு வேண்டும் என்று பள்ளியிடம் சொன்னார். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வகுப்பைக் கட்டுப்பாட்டோடு நடத்தவில்லை என்றது பள்ளி. அது நிஜமா, இல்லை நோயாளி என்று கழற்றிவிட்டார்களா? அதை விசாரிக்கச் சொல்லித்தான் நீதிமன்றம் போனார். 2019-ல் இறந்தும் போனார். கணவர் வழக்கை விடவில்லை. 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று தீர்ப்புச் சொன்னது: மதம் போதிப்பவர் என்பதால் மாற்றுத்திறனாளிகளுக்கான பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி அவர் வழக்காட முடியாது. நிஜக் காரணம் என்ன என்ற விசாரணை கடைசிவரை நடக்கவே இல்லை. வயதைக் காட்டி ஒதுக்கிவிட்டார்கள் என்று வேறொரு கத்தோலிக்கப் பள்ளிமீது புகார் சொன்ன ஆசிரியைக்கும் அதே தீர்ப்பில் அதே கதி.

மதத்தைக் காக்க என்று மத நிறுவனங்களுக்கு வேலைப் பாதுகாப்புச் சட்டங்களிலிருந்து கொடுத்த விலக்கு இது. சரி, அந்த ஆசிரியையின் விசுவாசத்தில் பள்ளி ஏதாவது குறை சொன்னதா? ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: ஒருவரை அனுப்பும்போது இந்த விலக்கு வேண்டுமென்றால், அதற்கான மதக் காரணத்தை நிறுவனம் எழுத்தில் கொடுக்க வேண்டும், நீதிபதி அதைக் கேட்டு வாங்க வேண்டும். டோரன்ஸ் பள்ளியிடம் அப்படிக் கேட்டிருந்தால், எழுதிக் கொடுக்க அவர்களிடம் என்ன இருந்திருக்கும்?