பிரேக்கர் இருந்தும் ஏன் ஷாக் அடித்தது?

கேள்வி: எங்கள் பட்டறையில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனி எம்.சி.பி. பிரேக்கர் உண்டு. போன வாரம் கை டிரில்லிங் இயந்திரத்தைப் பிடித்திருந்த ஹெல்பருக்கு ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டது. பிரேக்கர் விழவே இல்லை. "மட்டமான பிரேக்கர், மாற்றிவிடுங்கள்" என்று கடைக்காரர் விலை கூடிய வேறொன்றைக் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் பிரேக்கர் கெட்டுப்போகவில்லை. எம்.சி.பி. காப்பது ஒயரை, ஆளை அல்ல. 16 ஆம்பியர் 'சி' வகை பிரேக்கர் நொடியில் விழ வேண்டுமானால் அதன் அளவைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வரை பாய வேண்டும். 230 வோல்ட் லைனைத் தொட்டுக்கொண்டு தரையில் நிற்பவரின் உடம்பு வழியாகப் போவதோ பெரும்பாலும் கால் ஆம்பியர்கூட இருக்காது. அதுவே ஆளைக் கொல்லத் தாராளமாகப் போதும். ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியரிலேயே தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். எந்த விலைக்கு எந்த எம்.சி.பி. வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

நீங்கள் வாங்க வேண்டியது ஆர்.சி.சி.பி. லைனில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. திரும்பாமல் ஆள் வழியாகவோ எர்த் வழியாகவோ ஒழுகினால் துண்டித்துவிடும். முகப்பில் 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்க வேண்டும். அந்த அளவு ஒழுகினால் அதிகபட்சம் 0.3 விநாடியிலும், ஐந்து மடங்கானால் 0.04 விநாடியிலும் விழ வேண்டும் என்பது சர்வதேசத் தரம். 300 மில்லி ஆம்பியர் என்று போட்ட பெட்டியையும் அதே தட்டில் வைத்திருப்பார்கள். அது தீ விபத்தைத் தடுப்பதற்கானது. ஆளைக் காக்க அதை நம்ப முடியாது.

அடுத்தது வகை. 'ஏசி' வகை சாதாரண மாறுமின்சார ஒழுக்கை மட்டுமே அறியும். இன்றைய கருவிகளில் எலக்ட்ரானிக்ஸ் இல்லாதது அபூர்வம் என்பதால் குறைந்தது 'ஏ' வகை கேளுங்கள். மூன்று ஃபேஸ் வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் இருக்கும் லைனுக்கு 'பி' வகை தேவைப்படலாம். டிரைவ் கையேட்டில் இதற்கென்றே ஒரு பத்தி இருக்கும், அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

காசை மிச்சம் பிடிக்க மொத்தப் பட்டறைக்கும் ஒரே ஆர்.சி.சி.பி. போடுபவர்களைப் பார்க்கிறேன். ஏதோ ஓர் இயந்திரத்தில் சின்ன ஒழுக்கு வந்தால் விளக்குகளும் சேர்ந்து அணையும். மோட்டார்கள் உடனே நிற்காது. சுற்றிக்கொண்டிருக்கும் ரம்பத்தின் பக்கத்தில் ஆட்கள் இருட்டில் நிற்பார்கள். நாலு நாள் இப்படி நடந்தால் ஐந்தாம் நாள் யாராவது ஆர்.சி.சி.பி.யையே பைபாஸ் செய்துவிடுவார்கள். விளக்கு லைனைத் தனியாகப் பிரியுங்கள். இயந்திரங்களையும் இரண்டு மூன்று பிரிவாக்குங்கள்.

ஆர்.சி.சி.பி. ஓவர்லோடைக் கவனிக்காது, எம்.சி.பி.யும் கூடவே வேண்டும். இரண்டும் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ. வாங்கினால் ஒரே பெட்டியில் முடிந்தது. இன்னொரு எல்லையும் தெரிந்திருக்கட்டும்: ஒரு கையால் லைவையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டவரை இதனாலும் காப்பாற்ற முடியாது.

அந்த டிரில்லை முதலில் ஒதுக்கி வையுங்கள். உலோக உடலுக்கு எர்த் சரியாக இருந்திருந்தால், லைன் உடலைத் தொட்ட அந்தக் கணமே பிரேக்கர் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். பிளக்கிலோ கேபிளிலோ சுவர் சாக்கெட்டிலோ எர்த் அறுந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாக்கெட்டில் என்றால் அடுத்து அதில் எதைச் செருகினாலும் இதே கதைதான்.

கேள்வி: மூடிய தொழிற்கூடத்திலிருந்து பழைய லேத் ஒன்று விலைக்கு வருகிறது. மெக்கானிக்கல் பக்கம் எனக்குத் தெரியும். மின்சாரப் பக்கம் எதைப் பார்ப்பது?

பதில்: பணம் கொடுக்கும் முன் ஓர் எலக்ட்ரீஷியனை மெக்கரோடு (ஒயர் உறையின் மின்தடையை அளக்கும் மீட்டர்) கூட்டிப்போங்கள். சப்ளையைத் துண்டித்துவிட்டு, மின்கம்பிகளுக்கும் இயந்திர உடலுக்கும் இடையே 500 வோல்ட் டிசியில் அளந்தால் 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. டிரைவ், எலக்ட்ரானிக் போர்டு இருந்தால் அளக்கும் முன் கழற்றிவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சோதனையே அவற்றைக் கொன்றுவிடும். பேனல் கதவு, மோட்டார், கூலண்ட் பம்ப் ஒவ்வொன்றிலிருந்தும் பிரதான எர்த் முனை வரை தொடர்ச்சி இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பேனலுக்குள் ஒயர் உறை கையால் வளைத்ததும் வெடிக்கிறது என்றால் முழு ரீவயரிங் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

அடுத்த சோதனைக்கு யாரையும் கூப்பிட வேண்டாம். இயந்திரத்தை ஓடவிட்டு, மெயினை அணைத்து, நின்றதும் திரும்பப் போடுங்கள். தானாக ஓட ஆரம்பித்தால் அது ஆபத்தான இயந்திரம். மின்சாரம் போன நேரத்தில் சக்கில் (வேலைத்துண்டைப் பிடித்துச் சுழலும் பகுதி) சிக்கிய சீவலை எடுக்கக் கை விட்டவரை நினைத்துப் பாருங்கள். பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓட வேண்டும். ஸ்டார்ட்டரை மாற்றினால் தீரும் குறைதான், ஆனால் விற்பவர் செலவில் தீரட்டும்.

மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் பொத்தான் இருக்கும். அழுத்தினால் உள்ளேயே நிற்க வேண்டும். திருகியோ இழுத்தோ விடுவித்த பிறகும் இயந்திரம் தானாகக் கிளம்பக் கூடாது. 'எமர்ஜென்சி ஸ்டாப்தான் இருக்கிறதே, அதை அழுத்திவிட்டுக் கிளீன் செய்யலாம்' என்று விற்பவர் சொன்னால் தலையாட்டாதீர்கள். அது கட்டுப்பாட்டு லைனை நிறுத்துமே தவிர, பேனலுக்குள் மின்சாரம் அப்படியே இருக்கும். பழுது பார்க்கவும் துடைக்கவும் மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் தனி சுவிட்ச், அதாவது ஐசொலேட்டர் வேண்டும், அதில் பூட்டு மாட்ட ஓட்டை வேண்டும், சாவி உள்ளே கைவிடுபவரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். டிரைவ் உள்ள இயந்திரத்தில் மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று மேல்மூடியிலேயே எழுதியிருப்பார்கள்.

கேள்வி: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் என்று 100 மீட்டர் சுருள் பாதி விலையில் கிடைத்தது. கிரைண்டர் ஓட்டினால் கேபிள் சுடுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பெரும்பாலும் ஆம். ஆனால் அளந்துவிட்டுச் சண்டைக்குப் போங்கள். ஒரு முனையில் இரண்டு கோர்களை (கேபிளுக்குள் தனித்தனி உறையோடு இருக்கும் கம்பிகள்) முறுக்கிச் சேருங்கள். மறுமுனையில் அதே இரண்டு கோர்களுக்கு இடையே மீட்டரை வையுங்கள். மீட்டரின் சொந்த ஒயர் தடையைக் கழித்தபின், நல்ல செம்பு நெகிழ்கம்பி என்றால் 20 டிகிரி வெப்பத்தில் 1.6 ஓம் அளவில் நிற்கும். வெயிலில் சில சதவீதம் கூடலாம். 2 ஓமைத் தாண்டினால் கம்பி மெலிந்தது, அல்லது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அளவைக் குறித்த தாள், பில், சுரண்டிய இழை மூன்றோடும் கடைக்குப் போங்கள். 'செம்பு' என்ற சொல் பில்லில் இருக்கிறதா என்பதுதான் அங்கே வழக்கைத் தீர்க்கும்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கேபிளைச் சுருளிலேயே வைத்துக்கொண்டு கிரைண்டர் ஓட்டினீர்களா? அப்படியானால் நல்ல செம்பும் சுடும், வெப்பம் வெளியேற வழியில்லை. டிரம்மில் வரும் கேபிள்களில் சுற்றிய நிலைக்கு ஒன்று, முழுதும் பிரித்த நிலைக்கு ஒன்று என இரண்டு வாட் அளவு எழுதியிருப்பது அதனால்தான்.

கேள்வி: தினமும் ஹோஸ் வைத்துத் தரையும் இயந்திரமும் கழுவும் உணவுத் தயாரிப்புக் கூடம். ஐ.பி. 67 விளக்கு வாங்கினோம், அதற்குள்ளும் தண்ணீர் போய்விட்டது. பெரிய எண் என்றால் பாதுகாப்பும் அதிகம்தானே?

பதில்: இல்லை. ஐ.பி. எண்ணின் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டாம் இலக்கத்தில் 7 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடப்பதற்கான சோதனை. பீய்ச்சும் தண்ணீருக்கு 5, வேகமாகப் பீய்ச்சுவதற்கு 6. மூழ்கும் சோதனையில் தேறியது பீய்ச்சும் சோதனையிலும் தேறும் என்று எந்த விதியும் இல்லை. உங்களுக்கு 66 தேவை. உயர் அழுத்தச் சுடுநீர் என்றால் 69. விளக்கைக் குறைசொல்லும் முன் கேபிள் நுழையும் கிளாண்டையும் பாருங்கள், பாதி நேரம் தண்ணீர் போவது அந்த வழியாகத்தான். மாவு, சர்க்கரைத் தூள் பறக்கும் பகுதி இருந்தால் ஐ.பி. எண் மட்டும் போதாது. வெடிக்கக்கூடிய தூசிக்கென்று தனிச் சான்று பெற்ற விளக்கு வேண்டும்.

கேள்வி: தொட்டிகளுக்குள் இறங்கி வெல்டிங் செய்கிறேன். சொந்தமாக மிஷின் வாங்கப் போகிறேன். மின் கையுறையும் வாங்க வேண்டுமா?

பதில்: மிஷினின் பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் 'எஸ்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். நாலா பக்கமும் இரும்பு, வியர்வையில் நனைந்த உடை, நகர இடமில்லை என்ற நிலைக்கு ஏற்றது என்பதற்கான குறி அது. ஏசி வெல்டிங் என்றால் அத்தகைய மிஷினில் சும்மா இருக்கும்போது வோல்ட்டேஜ் 48-ஐத் தாண்டக் கூடாது. சாதாரண ஏசி மிஷினில் இது 80 வரை போகலாம். டிசியில் உச்ச வரம்பு இரண்டுக்கும் 113 வோல்ட்தான். மிஷினைத் தொட்டிக்கு வெளியிலேயே வையுங்கள், கேபிள் மட்டும் உள்ளே வரட்டும். ரப்பர் மின் கையுறை லைன் வேலைக்கானது, தீப்பொறியில் ஓட்டையாகும். உங்களுக்கு உலர்ந்த தோல் கையுறை இரண்டு மூன்று ஜோடி வேண்டும், நனைந்ததும் மாற்ற. காலடிக்கு உலர்ந்த ரப்பர் விரிப்பு, உடைசல் இல்லாத ஹோல்டர். தலைவிளக்கு பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். இத்தனையும் வாங்கினாலும், வெளியே மிஷின் பக்கத்தில் சுவிட்சை அணைக்கத் தெரிந்த ஒருவர் நிற்காவிட்டால் இறங்காதீர்கள்.