'ஹியர் கம்ஸ் தி பெயின்' கேமை இன்னும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

2003இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த WWE மல்யுத்த கேம் அது. முக்கியக் காரணம், அடி வாங்கும் விதம். திரையில் சின்ன உடல் படம் இருக்கும். தலை, உடல், கை, கால் என எங்கே அடி விழுகிறதோ அந்தப் பகுதி நிறம் மாறி, கடைசியில் சிவப்பாகிவிடும். எதிராளியின் காலையே குறிவைத்து அடித்துவிட்டு, அப்புறம் காலைப் பிடித்து முறுக்கினால் சீக்கிரம் சரணடைவான். எடையும் கணக்கில் வரும்: சின்ன உருவ ரே மிஸ்டீரியோவை வைத்துக்கொண்டு ராட்சத உருவ பிக் ஷோவைத் தூக்க முடியாது!

வீரர்களில் பிராக் லெஸ்னர், ராக், கோல்ட்பர்க், அண்டர்டேக்கர் எல்லாரும் உண்டு. ஜான் சீனா, பட்டிஸ்டா இருவரும் WWE-யின் 'ஸ்மாக்டவுன்' கேம் வரிசையில் முதலில் வந்தது இதில்தான். ராடி பைப்பர் போன்ற பழைய ஆட்களும் இருக்கிறார்கள். ஹல்க் ஹோகன் இல்லாதது மட்டும் எனக்குக் குறைதான். எலிமினேஷன் சேம்பர் என்ற கூண்டுச் சண்டையும் அந்தக் கேம் வரிசையில் இதில்தான் முதலில் வந்தது.