ஐந்து நட்சத்திர வீரர்களை அள்ளும் கல்லூரிதான் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம்ம ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ஜெயிக்குமா? கோச்சால் ஆளை உருவாக்க முடியாதா?

கொஞ்ச நாள் முன்பு கேட்டிருந்தால் "அள்ளுகிறவன்தான் ஜெயிப்பான்" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். பள்ளியில் ஆடும் பையன்களுக்கு ஐந்து வரை நட்சத்திரம் போட்டுத் தரம் பிரிப்பார்கள். கல்லூரி சேர்க்கும் பையன்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரமாக இருந்தால்தான் தேசியக் கோப்பை என்பது வருஷக்கணக்காகப் பொய்க்காத கணக்கு. அலபாமா, ஜார்ஜியா, ஒஹையோ ஸ்டேட் என்று அதே பெயர்கள் சுற்றிச் சுற்றி வந்ததும் அதனால்தான். 2026 ஜனவரியில் இண்டியானா பல்கலைக்கழகம் அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. 16 ஆட்டம், 16 வெற்றி. இறுதி ஆட்டத்தில் மயாமியை 27-21 என்று வென்றார்கள்.

இண்டியானாவா என்று ஊரே வாயைப் பிளந்தது. நான் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ப்ளூமிங்டனில் படித்த காலத்தில், சனிக்கிழமை காலையிலேயே மைதானத்துக்கு வெளியே அடுப்பு மூட்டி பீரோடு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் பாதிப் பேர் உள்ளே வரவே மாட்டார்கள். வந்தவர்களும் இடைவேளையோடு நடையைக் கட்டிவிடுவார்கள். அது கூடைப்பந்து ஊர். ஃபுட்பாலில் பெரிய டிவிஷனிலேயே அதிகத் தோல்வி கண்ட கல்லூரி என்ற பெயர் வேறு.

2023 கடைசியில் கர்ட் சிக்னெட்டி அங்கே கோச்சாக வந்தார். அலபாமாவில் பல தேசியக் கோப்பைகள் வென்ற கோச் நிக் சேபனிடம் ஆள் சேர்க்கும் பொறுப்பைப் பார்த்தவர், அதனால் நட்சத்திரக் கணக்கு அவருக்கு அத்துப்படி. ஆனால் அவர் தேடியது, களத்தில் ஏற்கெனவே ஆடிக்காட்டிய ஆட்களை. முன்பு இருந்த ஜேம்ஸ் மேடிசன் கல்லூரியிலிருந்து 13 வீரர்களையும் முக்கியமான உதவிக் கோச்சுகளையும் கையோடு கூட்டிவந்தார். முதல் சீசனே 11 வெற்றி, 2 தோல்வி.

நட்சத்திரம் என்பது 16, 17 வயதுப் பையனைப் பார்த்துப் போடும் மதிப்பெண். முன்வரிசையில் முட்டி நிற்கும் ஆட்டக்காரர்கள் விஷயத்தில் அது பாதி ஜோசியம்தான். கெட்டிக்காரக் கோச் பையன் கூடைப்பந்து ஆடும் வீடியோவில் கால் எப்படி நகர்கிறது என்று பார்ப்பார். அப்பா அம்மாவின் உயரத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்வார். 115 கிலோவில் வருகிறவன் 140 கிலோவுக்கு ஏற வேண்டும், ஏறிய பிறகும் வேகம் குறையக்கூடாது. அதற்குத்தான் முதல் வருஷம் ஆட்டங்களில் இறக்காமல் 'ரெட்ஷர்ட்' என்று உட்காரவைப்பது. சும்மா உட்கார முடியாது: காலையில் எடை தூக்கணும், மதியம் 'ஸ்கவுட் டீம்' ஆளாக அடுத்த வார எதிரணி மாதிரி ஆடிக்காட்டி, சீனியர்களிடம் இடி வாங்கணும். கைதட்ட ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

இண்டியானாவின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், ஃபெர்னாண்டோ மெண்டோசாவும் இந்த வழியில் வந்தவர்தான். இரண்டு நட்சத்திரம், யேல் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்தவரைக் கடைசி நேரத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் (பெர்க்லி) கூப்பிட்டது. அங்கே ஒரு வருஷம் ரெட்ஷர்ட், இரண்டு சீசன் ஆட்டம், அப்புறம் இண்டியானா. கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான 2025 ஹெய்ஸ்மன் விருது அவருக்குத்தான்.

ஆக, ஆளை உருவாக்க முடியும். ஆனால் உருவாக்கிய கல்லூரியிலேயே அவன் இருப்பான் என்று நம்ப முடியாது. கல்லூரி மாற நினைக்கும் வீரர்கள் பெயரைப் பதியும் டிரான்ஸ்பர் போர்ட்டல் 2018-இல் வந்தது, 2021-இலிருந்து பெயரையும் முகத்தையும் வைத்து வீரர்கள் சம்பாதிக்கலாம் என்ற அனுமதி, 2025-இலிருந்து கல்லூரியே நேரடியாகக் கொடுக்கும் பணம் என்று எல்லாம் சேர்ந்து, இன்னொருவர் வளர்த்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வது இப்போது சுலபம். மெண்டோசாவுக்காக கலிஃபோர்னியா செலவழித்த மூன்று வருஷத்துக்கான கோப்பை ப்ளூமிங்டன் அலமாரியில் இருக்கிறது.

இதில் அடி வாங்குவது பள்ளிப் பையன்கள். 22 வயதில் உடம்பும் அனுபவமும் தேறிய ஆள் கிடைக்கும்போது, மூன்று வருஷம் சோறு போட்டு வளர்க்கவேண்டிய 17 வயதுப் பையனுக்கு இடம் ஒதுக்க எத்தனை கோச்சுகளுக்கு மனசு வரும்?